சின்ன பிளக், பெரிய வேலை

எங்கள் ஊர் பெங்களூர். எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு அண்ணன் வருகிறார். அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருக்கிறது. அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் கீரையும் காய்கறியும் ஏற்றுவார். ஆறு மணிக்குள் கடை கடையாக இறக்குவார். நேரம் தப்பினால் கீரை வாடிவிடும். கடைக்காரர் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் மாலை அவர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். சிலேட்டை எடுக்கவே இல்லை.

"என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"வண்டி விக்கி விக்கிப் போகுது தம்பி. மேட்டுல ஏற மாட்டேங்குது. பெட்ரோல் தண்ணியா குடிக்குது. ஒரு கடையில காட்டினேன். இன்ஜினைப் பிரிக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க. எங்கே போவேன்?"

நான் பள்ளிப் படிப்பு முடித்ததும் இரண்டு வருடம் ஒரு மெக்கானிக் செட்டில் வேலை பார்த்தவன். அதனால் ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, பிளக் மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

அவர் யோசித்தார். "பிளக்கா? நான் வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சு. யாரும் அதைத் தொட்டதே இல்ல."

மறுநாள் வண்டியைப் பார்த்தோம். மூன்று பிளக்கையும் கழற்றினோம். மூன்றும் தேய்ந்து, கரி பிடித்துக் கிடந்தன. புதிய பிளக் போட்டோம். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. மேட்டிலும் ஏறியது.

எல்லா வண்டிக்கும் இப்படி எளிதாக முடியும் என்று சொல்ல முடியாது. சில நேரம் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சின்னப் பொருளை. அந்தச் சின்னப் பொருளைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பிளக் என்ன வேலை செய்கிறது?

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் லைட்டரைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் 'டக்' என்று ஒரு பொறி வரும். கேஸ் பற்றிக்கொள்ளும். காரில் பிளக் செய்யும் வேலையும் அதேதான்.

காரின் இன்ஜினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். அங்கே நான்கு வேலைகள் வரிசையாக நடக்கும்.

ஒன்று: பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும்.
இரண்டு: பிஸ்டன் மேலே வந்து அந்தக் காற்றை அமுக்கும்.
மூன்று: பிளக் பொறி விடும். பெட்ரோல் எரியும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். இந்தத் தள்ளல்தான் வண்டியை ஓட்டுகிறது.
நான்கு: எரிந்த புகை வெளியே போகும்.

மூன்றாவது வேலைக்குப் பொறி வேண்டும். பொறி சரியான நேரத்தில் வர வேண்டும். பலமாகவும் வர வேண்டும். பொறி வராவிட்டால் அந்தச் சிலிண்டர் சும்மா சுற்றும். பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய் வழியாக வெளியே போகும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்கிறார்கள்.

மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் மூன்று சிலிண்டர்கள். அதனால் மூன்று பிளக்குகள். நான்கு சிலிண்டர் கார் என்றால் பொதுவாக நான்கு பிளக்குகள் இருக்கும். கேஸில் ஓடும் காரிலும் பிளக் உண்டு. டீசல் வண்டியில் இந்தப் பிளக் கிடையாது. அதில் காற்றை மிகவும் அமுக்குவார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோம்

இன்ஜின் ஒரு நிமிடத்தில் 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சிலிண்டருக்குள் எரிய வேண்டும். அப்படியென்றால் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,500 முறை பொறி விட வேண்டும்.

ஒரு நொடிக்கு எத்தனை? 1,500-ஐ 60-ஆல் வகுங்கள். விடை 25.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை? 1,500-ஐ 60-ஆல் பெருக்குங்கள். விடை 90,000.

ஒரு மணி நேரத்தில் தொண்ணூறாயிரம் பொறி! இவ்வளவு உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா?

பிளக்கின் பாகங்கள்

ஒரு பழைய பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.

மேலே ஒரு உலோக முனை. கரண்ட் ஒயர் இதில்தான் மாட்டும்.
அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான். கரண்ட் வெளியே கசியாமல் இது காக்கும்.
அதற்குக் கீழே ஆறு பட்டை இரும்பு. ஸ்பானர் இதில்தான் பிடிக்கும்.
அதற்குக் கீழே மரை. இது இன்ஜினுக்குள் திருகி உட்காரும்.
அடியில் நடுவே ஒரு சின்னக் கம்பி.
அதன் எதிரே வளைந்த ஒரு பட்டைக் கம்பி.

இந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். இதை 'கேப்' என்பார்கள். பொறி இந்த இடைவெளியைத் தாண்டித்தான் குதிக்கும்.

காரின் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது இந்த இடைவெளியைத் தாண்டாது. நடுவில் காயில் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. அதனால்தான் இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடக் கூடாது.

பெங்களூரும் பிளக்கும்

கார்களுக்கு நம்பகமான பிளக் 1902-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வந்தது. ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலையில் கோட்லோப் ஹோனோல்டு என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். இந்தியாவில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை பெங்களூரில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் மைக்கோ. 2008-இல் பெயரை பாஷ் என்று மாற்றினார்கள். ஆனாலும் பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்றும் 'மைக்கோ பிளக்' என்றுதான் வருகிறது.

பிளக் கெட்டால் எப்படித் தெரியும்?

காலையில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாது.
நிற்கும்போது இன்ஜின் நடுங்கும்.
ஓடும்போது வண்டி விக்கும். பிக்கப் இருக்காது.
மைலேஜ் குறையும்.
புகையில் பெட்ரோல் வாடை வரும்.

புதிய கார்களில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஸிங் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிக்கும் பாகத்துக்குள் போகும். அங்கே எரிந்து அந்தப் பாகத்தையே கெடுத்துவிடும். அது பிளக்கைவிடப் பல மடங்கு விலை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தத் தொல்லைகள் பிளக்கால் மட்டும் வருவதில்லை. ஒயர், காயில், காற்று ஃபில்டர் கெட்டாலும் வரும். பிளக் விலை குறைவு. பார்ப்பதும் எளிது. அதனால் அதை முதலில் பார்க்கிறோம்.

எப்போது பார்க்க வேண்டும்? எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியோடு ஒரு புத்தகம் தருவார்கள். அதில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை பிளக் மாற்ற வேண்டும் என்று இருக்கும். அதுதான் உங்கள் வண்டிக்குச் சரியான கணக்கு. சாதாரண பிளக் பொதுவாக 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். நடுவில் 10,000 கிலோமீட்டரில் ஒரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. இரிடியம் என்ற உலோக முனை வைத்த பிளக்கும் உண்டு. அதன் விலை அதிகம். அதற்கேற்ப அதிக நாள் உழைக்கும்.

மாற்றும்போது எல்லாப் பிளக்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அடுத்தடுத்துத் தொல்லை கொடுக்கும்.

கழற்றுவது எப்படி?

தேவையான பொருள்கள்: பிளக் ஸ்பானர், சுத்தமான துணி, மெல்லிய கம்பி பிரஷ், இடைவெளி அளக்கும் கேஜ்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். மரையும் கெடும். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

கார் என்றால் பானட்டைத் திறங்கள். ஆம்னி வேன் என்றால் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கழற்றுங்கள். எல்லா ஒயரையும் ஒன்றாகக் கழற்றினால் எது எங்கே என்று தெரியாமல் போகும். மாற்றி மாட்டினால் வண்டி ஓடாது.

ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் உள்ள ரப்பர் மூடியைப் பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். புதிய கார்களில் ஒயர் இருக்காது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றப் பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிளக்கைச் சுற்றி மண்ணும் தூசியும் இருக்கும். அதைத் துடைத்துவிட்டுத்தான் பிளக்கைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். ஒரு மணல் போதும், உள்ளே கோடு போட்டுவிடும்.

ஸ்பானரை நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பீங்கான் உடையும். இடப் பக்கமாகத் திருகினால் பிளக் கழன்று வரும். வர மறுத்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பிளக்கைப் பார்த்தால் இன்ஜினின் உடம்பு தெரியும்

நாக்கைப் பார்த்து வைத்தியர் நோய் சொல்வார் அல்லவா? பிளக்கின் நுனியைப் பார்த்து மெக்கானிக் இன்ஜினின் நோயைச் சொல்வார்.

லேசான பழுப்பு நிறம்: இன்ஜின் நலமாக இருக்கிறது.

உலர்ந்த கறுப்புக் கரி: பெட்ரோல் அதிகம் போகிறது. அல்லது காற்று போதவில்லை. காற்று ஃபில்டரைப் பாருங்கள்.

ஈரமான கறுப்பு ஆயில்: இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வு சீல் கெட்டிருக்கலாம். பிளக் மாற்றினால் மட்டும் இது தீராது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெளுத்துப்போய், கொப்பளம் போல் இருப்பது: அளவுக்கு மீறிய சூடு. வண்டிக்குப் பொருந்தாத பிளக்காக இருக்கலாம். இதையும் உடனே காட்டுங்கள்.

கம்பி தேய்ந்து உருண்டிருப்பது: ஆயுள் முடிந்தது. மாற்றுங்கள்.

பீங்கானில் விரிசல்: அப்போதே தூக்கி எறியுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

உலர்ந்த கரி மட்டும் இருந்தால் மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாம். மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் போட்டுப் பீங்கானைத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அதில் கரி சீக்கிரம் படியும். சிலர் பிளக்கை அடுப்பில் போட்டுச் சூடு காட்டுவார்கள். அது வேண்டாம். இரிடியம் பிளக்கை பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. அதன் முனை மிக மெல்லியது.

அடுத்து இடைவெளியைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலில் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். பல வண்டிகளுக்கு 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் பாருங்கள்.

ஓட ஓடக் கம்பி தேயும். இடைவெளி அகலமாகும். வாய்க்கால் அகலமானால் தாண்டுவது கஷ்டம் அல்லவா? அதுபோலப் பொறியும் தாண்ட முடியாமல் திணறும். அப்போது வளைந்த கம்பியை லேசாகத் தட்டிச் சரி செய்யலாம். நடுக் கம்பியைத் தொடக் கூடாது. இரிடியம் பிளக்கில் இந்த வேலையே வேண்டாம்.

புதிய பிளக் வாங்கும்போது

பிளக்கின் மேல் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அவை வெறும் அலங்காரம் இல்லை. மரையின் பருமன், நீளம், சூட்டைத் தாங்கும் விதம் எல்லாம் அதில் இருக்கிறது. மரை நீளம் கூடினால் பிளக் உள்ளே போய் பிஸ்டனில் இடிக்கும். குறைந்தால் பொறி சரியாக எரியாது.

சூட்டு எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக். பாஷ் பிளக்கில் அதற்கு நேர் எதிர். அங்கே எண் கூடினால் சூட்டை மெதுவாக வெளியேற்றும். அதனால் 'எண் கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அண்ணனுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வண்டிப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒரு தாளில் பார்த்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போல வரைந்தார். கடையில் பெட்டியின் மேல் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கடைசி எண் வேறாக இருந்தது. "இது வேண்டாம், வேறு காட்டுங்க" என்றார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சரியானதை எடுத்துக் கொடுத்தார்.

போலிப் பிளக்குகளும் விற்கிறார்கள். விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எப்போதும் பில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவது எப்படி?

பிளக்கை முதலில் கையால்தான் திருக வேண்டும். ஸ்பானரால் தொடங்கக் கூடாது. மரை சரியாகப் பிடித்தால் பிளக் சுலபமாக உள்ளே போகும். கடினமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது. உடனே பின்னால் திருகி எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கையால் முழுதாக உட்கார்ந்த பிறகு ஸ்பானர் போடுங்கள். வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் இன்னும் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கையே மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். சற்றே இறுக்கினால் போதும். புதிய பிளக்கின் பெட்டியிலும் இந்த அளவைப் படமாகப் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். செட்டில் சேர்ந்த புதிதில் ஒரு காருக்குப் பிளக் மாட்டினேன். 'நன்றாக இறுக்கினால்தான் நல்லது' என்று நினைத்தேன். பலத்தை எல்லாம் போட்டுத் திருகினேன். மரை அறுந்தது. இன்ஜின் தலைப்பகுதி பல கார்களில் அலுமினியம். அது இரும்பைவிட மெத்து. அந்த மரையைச் சரி செய்ய இரண்டு நாள் ஆனது. அதற்கான செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பலம் வேறு, அளவு வேறு என்று அன்று கற்றேன்.

கடைசியாக ஒயரை மாட்டுங்கள். 'டிக்' என்று உட்கார வேண்டும். பிறகு அடுத்த பிளக். எல்லாம் முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள்.

செய்யக் கூடாத ஒரு காரியம்: பிளக்கை வெளியே எடுத்து, கையில் பிடித்து, 'பொறி வருகிறதா' என்று பார்ப்பது. பலர் இப்படிச் செய்கிறார்கள். கரண்ட் அடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

எங்கள் அண்ணன் இப்போது வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் அவர் கையாலேயே எழுதுகிறார்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம். முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

கிலோமீட்டர் 84,200. பிளக் மூன்று மாற்றியது. அடுத்துப் பார்ப்பது 94,200.

எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் போன மாதம் வேறொரு கடையில் "பிளக் மாற்ற வேண்டும்" என்றார்கள். அண்ணன் நோட்டைத் திறந்து காட்டினார். "மாத்தி நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஆகுது. கழற்றிக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். கழற்றினார்கள். மூன்றும் லேசான பழுப்பு நிறத்தில் இருந்தன. அப்படியே திரும்ப மாட்டினார்கள்.

நினைவில் வைப்போம்

இன்ஜின் ஆறிய பிறகே பிளக்கைத் தொடுவோம்.
ஒரு நேரத்தில் ஒரு ஒயர்.
சுற்றிலும் துடைத்துவிட்டுக் கழற்றுவோம்.
எண் பார்த்து, பில் கேட்டு வாங்குவோம்.
கையால் திருகி, அளவாக இறுக்குவோம்.
செய்ததை நோட்டில் எழுதுவோம்.

விடை சொல்லுங்கள்

1. ஒரு பிளக் நொடிக்கு 25 பொறி விடுகிறது. 10 நொடியில் எத்தனை பொறி விடும்?
2. பிளக் நுனி ஆயிலில் நனைந்து கறுப்பாக இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? ஏன்?
3. 61,500 கிலோமீட்டரில் பிளக் மாற்றினீர்கள். 10,000 கிலோமீட்டர் கழித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கிலோமீட்டரில் பார்ப்பீர்கள்?
4. உங்கள் தெருவில் வண்டி ஓட்டுபவர் யார்? அவர் கடைசியாக எப்போது பிளக் பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள்.